குழாயில் ஒரு கணக்கு, பல்லில் ஒரு கணக்கு

என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அவள் பல் தெரியச் சிரித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாப் படத்திலும் உதட்டை மூடிக்கொண்டே நிற்கிறாள். அவளுடைய முன்பற்களில் குறுக்குவாட்டில் பழுப்புக் கறை ஓடும். எனக்கும் உண்டு, கொஞ்சம் குறைவு. பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எங்கள் வயதுக்காரர்களிடம் கறை இல்லாத பல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெளியூருக்குப் படிக்கப் போன பிறகுதான் எல்லா ஊரிலும் பல் இப்படி இருப்பதில்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

இப்போது நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் கரைந்து பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு பற்றி ஒரே மாதத்தில் இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்று சொன்னதை மற்றது மறுத்தது. அந்த முடிச்சை அவிழ்க்க நிலவியல், பல் மருத்துவம், ஊட்டச்சத்து என்று எனக்குப் பழக்கமில்லாத வாசல்களில் எல்லாம் போய் நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பல் கறை எங்கள் பக்கம் பெண் பார்க்க வரும்போது பேசப்படும் விஷயம், அதனால்.

நடந்தது என்ன

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். இரண்டுமே கடினப் பாறைப் பூமி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதும், அதனால் பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரோசிஸ் என்ற நோய் வருவதும் இங்கே தலைமுறைக் கதை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், ஜப்பான் நாட்டுக் கடனுதவி, 1,928.80 கோடி ரூபாய் செலவு, 2013 மே 29-இல் தொடக்கம். ஃபுளோரோசிஸ் குறைப்பு என்ற சொல் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே இருக்கிறது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரில் நோயின் பெயரும் சேர்ந்திருந்தால், அந்த மண்ணில் எவ்வளவு பேர் அவதிப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் டேங்கில் 2013 கடைசியில் காவேரித் தண்ணீர் ஏறியது. 2016 ஆகஸ்டில் பல் மருத்துவ மாணவர்கள் பள்ளிக்கு வந்து முகாம் போட்டார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். நிறையப் பேருக்குக் கறை இருந்தது. அதே மாதம் தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதனைக் கிட்டில் ஊற்றி நிறம் பார்த்தார்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்று வந்தது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இரண்டும் மோதிக்கொண்டன.

"மூணு வருசமா காவேரித் தண்ணிதான் குடிக்கிறோம். புள்ளைங்க பல்லு அப்படியேதான் இருக்குது. பின்ன எதுக்கு இத்தனை கோடி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்குது, கிட்டுல பாத்தாச்சு. புள்ளைங்க ஒழுங்கா பல்லு வெளக்கறதில்ல, அதான்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. ஃபுளோரோசிஸ் கறை பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை, பல்லின் வெளிப்படலமான எனாமலுக்குள்ளேயே இருப்பது. விளக்கினால் போகாது. சாம்பலும் உப்பும் போட்டு ஈறு கிழியும் மட்டும் அக்கா தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் போய் குற்றம் உன்னுடையது என்று சொல்லக் கூடாது.

சரி, இரண்டு அளவில் எது சரி? நான் முதலில் நினைத்தது கிட் தவறு என்று. இல்லை. இரண்டுமே சரியாகத்தான் அளந்திருந்தன. ஆனால் இரண்டும் அளந்தது ஒரே பொருளை இல்லை.

பல் ஒரு பழைய கணக்குப் புத்தகம்

நிரந்தரப் பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, கடைவாயின் கடைசிப் பல்லைத் தவிர மற்றவற்றுக்கு ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று வருடம்தான் முக்கியம். அந்தக் காலத்தில் உடம்புக்குள் போன ஃபுளோரைடு எனாமலின் அமைப்பைக் கெடுக்கும். எனாமல் முடிந்த பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் புதிதாகக் கறை வராது, இருக்கும் கறை மறையவும் மறையாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2016-இல் பன்னிரண்டு வயதான பிள்ளை 2004-இல் பிறந்தது. காவேரித் தண்ணீர் வந்தபோது அதற்கு ஒன்பது வயது. பல் எல்லாம் அதற்குள் தயாராகி ஈறுக்குள் உட்கார்ந்துவிட்டது. முகாமில் மாணவர்கள் அளந்தது 2004-க்கும் 2012-க்கும் இடையில் ஊர் குடித்த ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரை. கிட் அளந்தது அன்று காலை குழாயில் வந்த தண்ணீரை. நடுவில் நான்கு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

பன்னிரண்டு வயதைப் பார்த்தது மாணவர்கள் செய்த பிழையும் இல்லை. பல் கணக்கெடுப்புக்கு உலக சுகாதார நிறுவனமே அந்த வயதைத்தான் அடையாள வயதாக வைத்திருக்கிறது. சொத்தைப் பல்லுக்கு அது பொருத்தமான வயது. புதிய தண்ணீர் வேலை செய்கிறதா என்று மூன்றாம் வருடமே பார்க்க நினைத்தால் அந்த வயது எதையும் காட்டாது. பன்னிரண்டு வயதையே பிடித்துக்கொண்டு நின்றால், திட்டத்துக்குப் பிறகு பிறந்த முதல் பிள்ளைகள் அந்த வயதைத் தொடும் 2025 வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் எடுத்த எந்த அறிக்கையிலும் திட்டம் தோற்றதாகத்தான் தெரியும்.

பல் மருத்துவர்கள் கறையை எண்ணாக மாற்றும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901-இல் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர்தான் அங்கிருந்த பழுப்புக் கறையை விடாமல் துரத்தினார். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. அதன் பிறகு ட்ரெண்ட்லி டீன் ஓர் அளவுகோல் செய்தார். இயல்பு 0, சந்தேகம் 0.5, மிக லேசானது 1, லேசானது 2, நடுத்தரம் 3, கடுமை 4. ஊரில் எல்லோருடைய எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்து, 0.6-ஐத் தாண்டினால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொன்னார். நம் பக்கத்திலும் விஷயம் தாமதமாகத் தெரியவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்து ஊர்களில் எலும்பையும் முடக்கும் ஃபுளோரோசிஸ் இருப்பதை 1937-இலேயே ஷார்ட் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் எழுதிவிட்டார்கள்.

டீனின் எண்கள் வரிசையைத்தான் காட்டுகின்றன. கடுமையான கறை மிக லேசான கறையைப் போல நான்கு மடங்கு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. ஆனால் சராசரி எடுக்கும்போது அப்படித்தான் பாவிக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் 1 இருக்கும் ஊருக்கும், பாதிப் பிள்ளைகளுக்கு 0, பாதிப் பிள்ளைகளுக்கு 2 இருக்கும் ஊருக்கும் சராசரி ஒன்றேதான். முதல் ஊரில் கண்ணாடி முன்னால் நின்று யாரும் அழ மாட்டார்கள். இரண்டாவது ஊரில் அழுவார்கள். பாதி ஊர் ஏன் தப்பித்தது என்ற கேள்வியும் அந்தச் சராசரிக்குள் புதைந்துபோகும்.

பாறை ஊர் எல்லையைப் பார்ப்பதில்லை

இப்படிப் பாதி ஊர் எப்படித் தப்பிக்க முடியும் என்பதை நிலவியல் படித்த நண்பர் ஒருவர்தான் விளக்கினார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே காட்டில் (வயலைத்தான் காடு என்போம்) இரண்டு போர் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவர் இரண்டிலும் சாம்பிள் எடுத்தார். ஒன்று குடிக்கலாம், ஒன்று கூடாது என்று வந்தது.

இங்குள்ள நைஸ், சார்னோக்கைட், கிரானைட் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. ஃபுளோரைடு அவற்றில் குடியிருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற அரிய பாறையே இருக்கிறது, அதைப் பார்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் நிலவியலாளர்கள் வருவார்கள். தண்ணீர் இந்தப் பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கினால் ஃபுளோரைடு கரைந்து இறங்கும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்திவிடும், ஓர் அளவுக்கு மேல் ஏற விடாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய காரத் தண்ணீரில்தான் ஃபுளோரைடு எகிறும். இதில் ஒரு கொடுமை உண்டு. எங்கள் ஊரில் பருப்பு வேகாத உப்புத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, வாய்க்கு நன்றாக இருக்கும் போரைத் தேடிப் போய்க் குடம் பிடித்தார்கள். ஃபுளோரைடுக்குச் சுவை கிடையாது. நாக்கை நம்பிப் பிடித்த அந்தக் குடத்திலேயே அது இருந்திருக்கலாம்.

பாறைத் துறைக்காரர்கள் ஆபத்தை இடத்தோடு கட்டிப் பார்ப்பார்கள். சில போர்களில் அளந்து, நடுவில் இருக்கும் இடங்களுக்கு மதிப்பு கணித்து, வரைபடத்தில் நிறம் தீட்டுவார்கள். இந்த வித்தைக்குக் கிரிகிங் என்று பெயர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1951-இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல் இருக்கும் என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. தங்கச் சுரங்கத்திலேயே அந்த நம்பிக்கை சில சமயம் பொய்க்கும், ஒரு கட்டித் தங்கம் ஓர் அடியில் இருக்கும், அடுத்த அடியில் இருக்காது. அந்தத் திடீர் வேறுபாட்டுக்கு மாடலில் தனி இடமே ஒதுக்கி, தங்கக் கட்டியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாறை வெடிப்பும் அந்த மாதிரிதான்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா முழுவதும் எடுத்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்தடி நீர் அளவுகளையும், மழை, பாறை, மண் விவரங்களையும் கணினிக்குக் கொடுத்து, சுமார் 12 கோடிப் பேர் ஃபுளோரைடு ஆபத்துள்ள பகுதிகளில் இருப்பதாகக் கணித்தது. நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கே முதலில் சோதிக்க வேண்டும் என்று அந்த வரைபடம் அரசாங்கத்துக்குக் காட்டும். என் காட்டில் எந்தப் போரில் குடிக்கலாம் என்று அதைக் கேட்கக் கூடாது.

விவசாயிகளுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் ஏற்கெனவே பழக்கம். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் பெரும்பாலான இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. வட்டாரத்தில் அறுவடைச் சோதனை செய்து சராசரி மகசூல் எடுப்பார்கள். சராசரி குறைந்தால் எல்லோருக்கும் பணம், குறையாவிட்டால் காய்ந்த வயல்காரருக்கும் இல்லை. காப்பீட்டுத் துறையில் இந்த இடைவெளியையே தனி ஆபத்தாக எண்ணி, பெயர் வைத்து, அளக்கிறார்கள். நீர்த் துறை அறிக்கைகளிலும் அப்படி ஒரு பத்தி வர வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த எண் இந்தத் தொட்டிக்குத்தான், இந்தக் குடும்பத்துக்கு இல்லை என்று எங்காவது எழுதினால் போதும்.

அம்மாவின் சொம்பு

மிச்சமிருந்த புதிரை அவிழ்த்தது அம்மா. குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கிட் சொன்ன பிறகும் அம்மாவுக்கு இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் சமையலறையில் நின்று கேட்டேன்.

"காட்டுல எந்தத் தண்ணிம்மா குடிக்கிற?"

"மோட்டார் ஓடறப்ப தொட்டியில மோந்துக்கறதுதான் கண்ணு. ஊட்ல இருந்து கொடத்த யாரு தூக்கினு போறது?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. மூன்று வருடமாகத் தாள் தாளாகக் கணக்குப் போட்டவன் இதைக் கேட்கவே இல்லை. விடிந்து போனால் பொழுது சாய வரும் அம்மா, நாளில் குடிக்கும் தண்ணீரில் பெரும் பங்கைக் காட்டில் குடிக்கிறார். அதுவும் நண்பர் கூடாது என்று சொன்ன அந்தப் போரில்.

எண் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். கீழே வருவது எடுத்துக்காட்டுக் கணக்கு. குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், காட்டுப் போரில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கிறார், வீட்டில் ஒன்றரை, காட்டில் இரண்டரை. அறிக்கையில் குழாயின் எண்ணைப் போட்டால் அவர் உட்கொள்வது 2 மில்லிகிராம். உண்மையில் வீட்டில் 0.75, காட்டில் 7.5, மொத்தம் 8.25. நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புக்கு ஆபத்து கூடத் தொடங்கலாம் என்றும், 14-இல் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழாயை மட்டும் அளந்த கணக்கில் இந்த மனிதர் பாதுகாப்பாக இருக்கிறார். அவர் உடம்பு அப்படி இல்லை.

குழாயிலேயே இன்னொரு விஷயமும் உண்டு. கோடையில் காவேரித் தண்ணீர் குறையும்போது சில ஊர்களில் போர் தண்ணீரையும் அதே டேங்கில் ஏற்றுவார்கள். லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் உள்ள தண்ணீரும் 2.4 உள்ள தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் 1.4. இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்க எல்லை 1.0, வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் 1.5 வரை அனுமதி. 1.5 என்று கோடு போட்டு 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு கட்டம் மட்டும் வைத்திருக்கும் படிவத்தில் 1.4 சரி என்ற கட்டத்தில் போய் விழும். சாம்பிளை மழைக்குப் பிறகு எடுத்தால் ஓர் எண், சித்திரையில் எடுத்தால் வேறு எண். படிவத்தில் மாதம் எழுத இடம்கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம் என்பதும் ஆபத்துக் காரணிதான். வெயிலோடு தாகமும் கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்தவர்கள் கலகனும் வெர்மில்லியனும். கலிஃபோர்னியக் குழந்தைகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்து 1957-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். ஆண்டுச் சராசரி உச்ச வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து 0.0062-ஆல் பெருக்கி 0.038-ஐக் கழிக்க வேண்டும். வரும் விடையால் 0.34-ஐ வகுத்தால் அந்த ஊருக்கு ஏற்ற ஃபுளோரைடு அளவு கிடைக்கும். 90 டிகிரி வெயில் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 0.65 மில்லிகிராம் வந்தது. எங்கள் பக்க வெயிலும் ஏறக்குறைய அந்த அளவுதான். குளிர் நாட்டையும் சேர்த்து உலகம் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொன்ன 1.5-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அந்தச் சூத்திரத்தில்கூடக் களியும் கூழும் இல்லை. ஓர் உருண்டைக் களி எத்தனை தண்ணீரை உள்ளே வாங்கியிருக்கும் என்று கேழ்வரகு கிளறியவர்களுக்குத் தெரியும். அரிசி வடித்துக் கொட்டும் கஞ்சியோடு போகும் ஃபுளோரைடும் களியில் தட்டுக்கே வரும்.

ஆனால் களியை எதிரியாக்கிவிடக் கூடாது என்று ஊட்டச்சத்து படித்த ஓர் அக்கா என்னைத் தடுத்தார். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. வயிற்றில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்து, உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் ஃபுளோரைடு வெளியேறுவது கூடியது. தருமபுரிக்காரனுக்குப் புளியைப் பற்றி இதைப் படிக்கும்போது வரும் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ரசமும் புளிக்குழம்பும் மருந்து என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே தண்ணீரைக் குடித்த இரண்டு உடம்பு ஒன்றுபோல் பாதிக்கப்படாது, சாப்பாடு நடுவில் நிற்கிறது என்பதுதான் பொருள். அதே நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும் 1973-இல் ஆந்திரத்தில் ஃபுளோரைடுப் பகுதி இளைஞர்களுக்கு முட்டிகள் உள்ளே வளைந்து ஒட்டுவதை எழுதினார்கள். அங்கேயும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டபோது

புள்ளியியல்காரனுக்கு அடுத்து வரும் ஆசை என்ன? குழாய் எண், போர் ஆழம், வயது, வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, கறை உண்டா இல்லையா என்பதை மறுபக்கம் வைத்து, லாஜிஸ்டிக் சமன்பாட்டில் போட்டு ஓட்டுவதுதான். நானும் ஓட்டினேன். தண்ணீருக்கும் கறைக்கும் தொடர்பே இல்லாத மாதிரி விடை வந்தது. பாறையும் வேதியியலும் நூறு வருட மருத்துவமும் சொல்வதை என் கணினி இல்லை என்றது.

காரணம் நான் ஊற்றிய எண்களில் இருந்தது. ஆபத்துக் காரணி என்ற சொல் மருத்துவத்தில் ஊன்றியது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்விலிருந்து. 1948-இல் தொடங்கி 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள், 1961-இல் ஆபத்துக் காரணிகள் என்ற பேச்சோடு கட்டுரை வந்தது. அங்கே இரத்த அழுத்தம், கொழுப்பு, மாரடைப்பு எல்லாம் ஒரே உடம்பில் இருந்தன, முதலில் காரணியை அளந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். என் கையில் இருந்ததோ பாறையில் ஓர் எண், குழாயில் ஓர் எண், பல்லில் ஓர் எண். இன்றைய குழாயை வைத்து அன்றைய பல்லை விளக்கச் சொல்லி மாடலை வதைத்திருக்கிறேன். காரணியை அளப்பதில் தாறுமாறான பிழை இருந்தால் தொடர்பு மெலிந்து தெரியும், இதைச் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904-இலேயே காட்டிவிட்டார். எங்கள் ஊரில் பிழை தாறுமாறாகக்கூட இல்லை. காட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் மட்டும், ஒரே திசையில், குறைவாகக் காட்டும் பிழை. மெலிவது மட்டுமில்லை, கூலி வேலைதான் நோய்க்குக் காரணம் என்று மாடல் தண்ணீரின் பழியைத் தூக்கி உழைப்பின் மேல் போடும்.

ஊராட்சிகளை ஒப்பிட்டால் சரியாகுமா என்றும் பார்த்தேன். அது இன்னும் மோசம். எங்கே பாதிப்பு அதிகமோ அங்கேதான் புதுத் தண்ணீருக்கு அதிகம் முயற்சி எடுப்பார்கள். அந்த ஊர்களில் காவேரித் தண்ணீரும் அதிகம், பழைய கறையும் அதிகம். அப்படியே கணினியில் போட்டால் காவேரித் தண்ணீரால் கறை வருகிறது என்று விடை வரும். ராபின்சன் 1950-இல் அமெரிக்க மாநிலங்களை வைத்து இதே பொறியைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதல். ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு எழுத்தறிவு குறைவு. அவர்கள் பிழைக்கப் போன இடங்கள் படித்த இடங்களாக இருந்தன, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கு உதவியது எதிர்பாராத ஒரு துறை. பேரிடர் ஆய்வாளர்கள் ஆபத்தை ஒற்றைச் சொல்லாக வைத்திருப்பதில்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2014 அறிக்கை அதை மூன்றாகப் பிரிக்கிறது: தீங்கு எங்கே இருக்கிறது, யார் அதன் வழியில் நிற்கிறார்கள், நிற்கிறவர்களுக்குத் தாங்கும் தெம்பு எவ்வளவு. புயலுக்காகச் சொன்னது எங்கள் தண்ணீருக்கும் பொருந்தியது. நிலவியல் நண்பர் அளந்தது முதலாவதை. அம்மாவின் சொம்பு இரண்டாவது. களியும் புளியும் குழந்தையின் வயதும் மூன்றாவது. பல் மருத்துவர் அளந்தது மூன்றும் சேர்ந்து வருடங்களுக்கு முன்பு விட்டுப்போன தடம். இவை நான்கையும் ஃபுளோரைடு ஆபத்து என்ற ஒரே பெயரால் சொன்னதால்தான் கிராம சபையில் சண்டை வந்தது.

அதனால் சமன்பாட்டை ஒதுக்கிவிட்டு ஒரு நோட்டைத் திறந்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி. எந்த வருடம் பிறந்தார், எட்டு வயது வரை எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த போர். இப்போது பகலில் எங்கே இருக்கிறார், அங்கே எந்தத் தண்ணீர், எத்தனை சொம்பு. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இது மிக முக்கியம், அவர்களின் பல் பிறந்த ஊர்த் தண்ணீரைச் சொல்லும், முட்டி வந்த ஊர்த் தண்ணீரைச் சொல்லும். வயதானவர்களை மூன்று வேலை செய்யச் சொல்வேன்: குனிந்து கால் விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் வைப்பது, கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கோப்பது. எலும்பு ஃபுளோரோசிஸுக்கு மருத்துவர்கள் களத்தில் பார்க்கும் சோதனைகள் இவை. வயதால் வரும் மூட்டு வலியும் இதே மாதிரி தடுக்கும், ஆகவே இதை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று எழுதுவதில்லை, எக்ஸ்ரேக்கு அனுப்பி வைக்கிறேன்.

பிள்ளைகளில் பன்னிரண்டு வயதுக்காகக் காத்திருக்கவில்லை. மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்துவிடும். 2014-இல் பிறந்த பிள்ளைக்கு 2022-இலேயே பார்க்கலாம். அக்காவின் கடைசி மகள் அந்த வருடத்துப் பிள்ளை. முன்பற்கள் வெள்ளையாக இருக்கின்றன, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புத் தீற்றல் போல ஒரு கோடு. டீன் அளவில் மிக லேசானது. கோடையில் டேங்கில் கலந்த தண்ணீராக இருக்கலாம், அவள் காட்டுத் தொட்டியில் விளையாடிக் குடித்ததாகவும் இருக்கலாம். ஒரு பிள்ளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அம்மா இப்போது இரண்டு லிட்டர் கேன் ஒன்றில் குழாய்த் தண்ணீர் பிடித்து வண்டியில் கட்டி அனுப்பினால் குடிக்கிறார். தீர்ந்துபோனால் தொட்டிதான். எத்தனை நாள் தீர்ந்தது என்றும் நோட்டில் எழுதுகிறேன். ஏரிக்கரைத் தெரு இன்னும் பாக்கி இருக்கிறது. மாங்காய் பறிக்கும் நாட்களில் பகலில் அங்கே ஆள் இருக்காது, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் போக வேண்டும்.